தண்ணீரோடு ஒரு சமரசம்

கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இயல்பாகவே ஒத்துப்போகாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி இறுகவிட்டால், முதல் நாள் நன்றாகத்தான் ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். அதையே ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு ஊறவிட்டுப் பாருங்கள். கொஞ்ச நாளில் கத்தி முனையால் நெம்பினால் பிளாஸ்டிக் தனியாக, கண்ணாடி தனியாகக் கழன்று வரும். தண்ணீர் இரண்டுக்கும் நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் நம் கடற்கரையில் நிற்கிற ஃபைபர் படகு என்பதே கண்ணாடி நூலும் பாலியெஸ்டர் ரெசினும்தானே? 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைக்கு நிவாரணமாக வந்து இறங்கியவற்றில் பெரும்பகுதி இந்த வகைப் படகுகள்தான். வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடக்கின்றன, அலையில் அடி வாங்குகின்றன. நியாயமாகப் பார்த்தால் இவை எப்போதோ நார் நாராகப் பிரிந்திருக்க வேண்டும். பிரியாததற்குக் காரணம், அந்தக் கண்ணாடி நூல் ஒவ்வொன்றின் மேலும், அது தொழிற்சாலையில் இழுக்கப்படும்போதே பூசப்பட்ட மிக மெல்லிய ஒரு பூச்சு. அதன் முக்கியப் பொருள் சிலேன் கப்ளிங் ஏஜென்ட் என்கிற சிலிக்கான் சேர்மம். இனி சுருக்கமாகச் சிலேன் என்றே சொல்கிறேன்.

பாடப்புத்தகத்தில் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: சிலேன் ஒரு மூலக்கூறுப் பாலம், ஒரு கை கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், மறு கை பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும். பொய் இல்லை. ஆனால் பாலம் என்று சொன்னதும் கான்கிரீட் போட்டுக் கட்டி முடித்த, அசையாத ஒன்று மனசில் வந்துவிடுகிறது. இந்தத் துறையின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, கதையின் முக்கியமான ஆள் பாலம் இல்லை, தண்ணீர் என்று எனக்குத் தோன்றியது. ஆரம்பத்தில் எல்லோரும் தண்ணீரை வெளியே நிறுத்தப் பார்த்தார்கள். அது முழுசாகப் பலிக்கவில்லை. பிறகு அதோடு ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். அந்தச் சமரசம் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும், இங்கிலாந்தின் நாட்டிங்காம் வரை. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ஃபிரெடரிக் ஸ்டான்லி கிப்பிங். தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பது சிலிக்கான். கார்பனை வைத்து ஒரு பிரம்மாண்டமான கரிம வேதியியலே இருக்கிறதே, சிலிக்கானை வைத்தும் அப்படி ஒன்று இருக்காதா என்பது அவர் கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி ஏறக்குறைய 40 வருடம் இதே வேலையாக இருந்தார். அவர் எதிர்பார்த்தது அழகாகப் படிகமாகிற தூய பொருள்கள். அவருக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் எண்ணெயும் பசையும். படிகமாக மறுக்கும் அந்தப் பிசுபிசுப்பு அவருக்குத் தொல்லை. 1937இல் அச்சான தன் பேக்கரியன் சொற்பொழிவில், இந்தத் துறையில் பெரிய முன்னேற்றம் உடனடியாக வரும் என்ற நம்பிக்கை தனக்கு இல்லை என்ற அளவில் முடித்துக்கொண்டார். அவர் தொல்லையாக நினைத்த அந்தப் பசைதான் பத்து வருடத்துக்குள் சிலிக்கோன் தொழில் ஆனது. 1949இல் இறப்பதற்கு முன் அதை அவர் பார்த்துவிட்டார்.

கிப்பிங்கின் பரிசோதனைகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வினை இங்கே நமக்கு வேண்டும். சிலிக்கானோடு குளோரின் சேர்ந்திருந்தால், அல்லது எத்தாக்ஸி, மெத்தாக்ஸி போன்ற ஆல்கஹால் தொகுதி சேர்ந்திருந்தால், தண்ணீர் பட்டதும் அது விலகி, அந்த இடத்தில் ஹைட்ராக்சில் வந்துவிடும். இதற்குச் சிலனால் என்று பெயர். இரண்டு சிலனால்கள் அருகருகே வந்தால் தங்களுக்குள் ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியே தள்ளிவிட்டு, நடுவில் ஓர் ஆக்சிஜனை வைத்துக் கைகோத்துக்கொள்ளும். பசை உருவாகிற வழி இதுதான். இப்போது கண்ணாடியை யோசியுங்கள். கண்ணாடி என்பதே சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி நிற்கிற வலை. அதன் மேற்பரப்பில் வலை அறுந்த இடமெல்லாம் சிலனால் நின்றுகொண்டிருக்கும். ஆக, வெளியிலிருந்து வரும் ஒரு சிலனால் கண்ணாடியின் சிலனாலோடு கைகோத்துக்கொள்ள வழி இருக்கிறது. சிலேன் கதையின் ஒரு பாதி இந்தப் பத்தியிலேயே முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். மறுபாதி வர 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அதற்கு முன்னால் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் சேர்க்க வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை.

தேவை அமெரிக்காவில் வந்தது. 1930களின் தொடக்கத்தில் ஓவன்ஸ்-இல்லினாய்ஸ் கண்ணாடி நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை உருக்கி ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியில் பட்டு, அது மெல்லிய இழைகளாகச் சிதறியது. அவருடைய மேலதிகாரி கேம்ஸ் ஸ்லேட்டர் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தொழிலாகவே வளர்த்தார். 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் ஃபைபர்கிளாஸ் நிறுவனம் பிறந்தது. முதலில் வெப்பம் கடக்காமல் தடுக்கும் பஞ்சாகவும், மின்கம்பிக்குச் சுற்றும் துணியாகவும்தான் கண்ணாடி இழை விற்றது. சூடான ரெசினுக்கு அதிக அழுத்தம் கொடுக்காமலேயே இறுகும் பாலியெஸ்டர் 1940களின் ஆரம்பத்தில் வந்ததும் ஜோடி சேர்ந்துவிட்டது. போர்க்காலம் வேறு. ரேடார் கருவியை மூடும் கூம்புக்கு உலோகம் ஆகாது, அலையைத் தடுத்துவிடும். கண்ணாடித் துணியும் பாலியெஸ்டரும் சேர்ந்த தகடு அலையை உள்ளே விடும், எடையும் குறைவு. 1944இல் இந்தக் கலவையில் உடற்பகுதி செய்த ஒரு பயிற்சி விமானத்தையே அமெரிக்க விமானப்படையினர் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். வல்டீ பி.டி.-15 என்ற வகை.

பறந்தது. ஆனால் ஈரம் பட்டதும் இந்தத் தகடுகள் பலம் இழந்தன. இதைச் சோதிக்க ஒரு எளிய முறையே வழக்கத்துக்கு வந்தது: தகட்டை 2 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து வளைத்து ஒடிப்பது. பூச்சு இல்லாத கண்ணாடியில் செய்த தகடு, காய்ந்த நிலையில் இருந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்த இரண்டு மணி நேரத்தில் இழந்துவிடும். மழையிலும் பனியிலும் பறக்க வேண்டிய ஒரு பொருளுக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு, இதைப் பலர் சொல்வதில்லை. கண்ணாடி நூலைத் தறியில் போட்டு நெய்ய வேண்டுமென்றால் அது ஒன்றோடொன்று உரசி அறுந்துவிடாமலிருக்க ஏதாவது பூச வேண்டும். நம் ஊரில் பாவுக்குக் கஞ்சி போடுவதைப் போலவேதான், அங்கேயும் ஸ்டார்ச்சும் எண்ணெயும் கலந்து பூசினார்கள். நெய்து முடித்த பிறகு அந்தக் கஞ்சி ரெசினுக்கு ஆகாது. ஆகவே துணியைச் சூளையில் வைத்துக் கஞ்சியை எரித்து எடுத்தார்கள். எரித்து எடுத்ததும் கிடைப்பது அப்பழுக்கில்லாத, வெறும் கண்ணாடி. கேட்க நல்லதாகத் தெரிகிறது. ஆனால் வெறும் கண்ணாடி மேற்பரப்பு மாதிரி தண்ணீர் மேல் ஆசைப்படுகிற பொருள் குறைவு. சூளையை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன் மேல் போர்த்திக்கொள்ளும். ரெசின் வந்து சேரும்போது அது கண்ணாடியைத் தொடுவதே இல்லை, அதன் மேலிருக்கும் தண்ணீர்ப் படலத்தைத்தான் தொடுகிறது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? யாருக்கும் முதலில் தோன்றுவது, கண்ணாடியைத் தண்ணீர் ஒட்டாத பொருளாக மாற்றிவிடலாம் என்பதுதான். அதற்கான வித்தையும் கையில் இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்டன் பட்னோட் மெத்தில் குளோரோசிலேன் ஆவியைக் காகிதத்தின் மேல் காட்டினால் அதன் பிறகு அந்தக் காகிதத்தில் தண்ணீர் உருண்டோடுகிறது என்று கண்டிருந்தார். தாமரை இலை மாதிரி. 1942இல் காப்புரிமையும் வந்துவிட்டது. கண்ணாடி, பீங்கான், துணி எதன் மேலும் இது வேலை செய்தது. அப்புறம் என்ன, கண்ணாடித் துணியையும் இப்படித் தாமரை இலையாக்கிவிட்டால் தண்ணீர் எப்படி உள்ளே போகும்?

இந்த யோசனையை நேருக்கு நேர் சோதித்த ஓர் ஒப்பீடு இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றிலேயே அழகான பரிசோதனை அதுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் விட் என்பவரும் கூட வேலை செய்தவர்களும் 1947இல் அமெரிக்கக் கடற்படையின் ஆயுதப் பிரிவுக்குக் கொடுத்த ஓர் அறிக்கையில் அது வருகிறது. கண்ணாடி இழையில் ஒரு பகுதிக்கு எத்தில் டிரைகுளோரோசிலேனும் மற்றொரு பகுதிக்கு அல்லைல் டிரைஎத்தாக்ஸிசிலேனும் பூசி, இரண்டையும் பாலியெஸ்டரில் போட்டுத் தகடாக்கிப் பலம் பார்த்தார்கள். அல்லைல் பூசியது எத்தில் பூசியதைப் போல இரண்டு மடங்கு பலம் காட்டியது.

ஏன் இது முக்கியம்? இரண்டு சிலேன்களும் கண்ணாடியோடு ஒரே மாதிரிதான் கைகோக்கும். கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் இரண்டிலும் குட்டையான ஹைட்ரோகார்பன் வால்தான், இரண்டுக்கும் தண்ணீர் பிடிக்காது. தண்ணீரை விரட்டுவது மட்டுமே விஷயம் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்திருக்க வேண்டும். இருக்கிற பெரிய வித்தியாசம் ஒன்றுதான். எத்தில் வால் மந்தமானது, எதோடும் சேராது. அல்லைல் வாலின் நுனியில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. பாலியெஸ்டர் இறுகும்போது ரெசினுக்குள் இருக்கும் இரட்டைப் பிணைப்புகள்தான் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, இந்த வால் நுனியும் அந்தக் கோலாட்டத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஆக, தண்ணீர் ஒட்டாமல் செய்வது போதாது, இருபுறமும் வேதியியல் ரீதியாகப் பிடித்தாக வேண்டும். கப்ளிங் ஏஜென்ட் என்ற கருத்தே இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

ஆனால் அறிக்கை ரகசியமானது. ராணுவக் கோப்புக்குள் போய்விட்டது. வெளியுலகத்துக்கு இந்தச் செய்தி 1952இல் மாடர்ன் பிளாஸ்டிக்ஸ் பத்திரிகை வழியாக வந்தது. எழுதியவர்கள் யோஹான் பியோர்க்ஸ்டனும் யேகரும். பியோர்க்ஸ்டன் ஃபின்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்து விஸ்கான்சினில் சொந்தமாக ஆய்வகம் நடத்தியவர். கண்ணாடித் துணிக்கான வினைல் சிலேன் பூச்சு என்பதுதான் கட்டுரையின் பொருள். யார் முதலில் என்று பட்டியல் போடும் கட்டுரைகளில் சிலர் விட் பெயரை எழுதுவார்கள், சிலர் பியோர்க்ஸ்டன் பெயரை. ரகசியக் கோப்பில் கிடக்கிற உண்மை யாருக்கும் படகு கட்ட உதவாது. கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவருக்கும் ஒரு பங்கு கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி.

அதே காலத்தில் இன்னொரு போட்டியாளரும் இருந்தார். டூபாண்ட் நிறுவனத்தின் வோலன். அதில் சிலிக்கானே கிடையாது, குரோமியத்தோடு மெத்தக்ரைலிக் அமிலம் சேர்ந்த கூட்டுப்பொருள். குரோமியம் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், மெத்தக்ரைலிக் பக்கம் ரெசினோடு கோக்கும். கருத்து ஒன்றே, ஆள் வேறு. நன்றாகவே வேலை செய்தது, நீண்ட காலம் ஓடியது. தகட்டுக்கு லேசாகப் பச்சை நிறம் கொடுக்கும் என்பது குறை. அலைச்சறுக்குப் பலகை செய்கிற அமெரிக்கர்கள் மட்டும் அந்தப் பச்சையைப் பழைய காலத்து அழகு என்று இன்னும் தேடி வாங்குகிறார்கள். ரசனைக்கு என்ன கணக்கு!

வினைலும் அல்லைலும் வழி காட்டினவே தவிர, அவை சோம்பேறிகள். பாலியெஸ்டரில் கலந்திருக்கும் ஸ்டைரீனோடு அவ்வளவு ஆர்வமாகச் சேர்வதில்லை. வோலனில் இருப்பது போன்ற மெத்தக்ரைலிக் வால் கிடைத்தால் பிரமாதமாக இருக்கும். எப்பாக்ஸி ரெசினுக்கு எப்பாக்ஸி வாலோ அமைன் வாலோ வேண்டும். ஆனால் அந்த மாதிரி வால்களைச் சிலிக்கானில் எப்படி மாட்டுவது? இங்கே சிலிக்கான் வேதியியல் ஒரு முரண்டு பிடிக்கிறது. பென்சில்வேனியாவில் லியோ சாமர், ஃபிராங்க் விட்மோர் இருவரும் 1946இல் சொன்ன விஷயம் அது. சிலிக்கானிலிருந்து எண்ணி இரண்டாவது கார்பனில் குளோரின் போன்ற ஒன்றை வைத்தால் அந்த மூலக்கூறு நிலைக்காது. நடுவிலிருக்கும் இரண்டு கார்பன்களும் எத்திலீன் வாயுவாகப் பிரிந்து ஓடிவிடும், வால் அறுந்த சிலிக்கான்தான் மிஞ்சும். மூன்றாவது கார்பனில் வைத்தால் பிரச்சினை இல்லை. இன்றைக்கு எந்தச் சிலேன் பாட்டிலை எடுத்தாலும் 3-அமினோபுரோப்பில், 3-கிளைசிடாக்ஸிபுரோப்பில், 3-மெத்தக்ரைலாக்ஸிபுரோப்பில் என்று அந்த மூன்றும் புரோப்பிலும் விடாமல் வருவதன் ரகசியம் இதுதான். மூன்று கார்பன் தள்ளி நின்றால்தான் குடித்தனம் நடக்கும்.

மூன்று கார்பன் நீளத்தில் விருப்பமான வாலை மாட்டுவதற்குச் சுலபமான வழியைக் கொடுத்தவர் டவ் கார்னிங் நிறுவனத்தின் ஜான் ஸ்பையர். சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்பை ஓர் இரட்டைப் பிணைப்பின் குறுக்கே சேர்ப்பதற்குக் குளோரோபிளாட்டினிக் அமிலம் மிகச் சிறிய அளவில் இருந்தாலே போதும் என்று அவரும் சகாக்களும் 1957இல் வெளியிட்டார்கள். அல்லைல் என்று பெயரில் வருகிற ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, துளி பிளாட்டினம் சேர்த்தால், மூன்று கார்பன் வாலோடு சிலேன் தயார். ஆய்வகத்தில் அரைகுறையாகச் செய்துகொண்டிருந்த பொருள்கள் இதற்குப் பிறகு பீப்பாய் பீப்பாயாக விற்பனைக்கு வந்தன. போபாலால் நமக்குத் தெரிந்த அதே யூனியன் கார்பைடும் இந்தச் சந்தையில் பெரிய ஆள். அவர்களுடைய ஏ-1100 என்ற அமினோ சிலேனின் பெயர் இன்றும் இந்தத் துறைக்காரர்கள் வாயில் புழங்குகிறது.

இனி எட்வின் புளூடெமன். டவ் கார்னிங்கில் இருந்தவர், மிச்சிகன் மாநிலத்தின் மிட்லேண்ட் ஊர்க்காரர்களோடு வாழ்நாளைக் கழித்த ஆய்வாளர். இவர் இல்லாமல் இந்தத் துறைக்கு வரலாறு கிடையாது. 1962இல் அவரும் குழுவினரும் நூற்றுக்கும் மேற்பட்ட சிலேன்களைப் பாலியெஸ்டர், எப்பாக்ஸித் தகடுகளில் போட்டுக் கொதிக்கவைத்து ஒடித்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். சமையல்காரர் உப்பு, புளி மாற்றி மாற்றி ருசி பார்ப்பது மாதிரியான பொறுமை. முடிவு பொதுவாகப் பாலக் கதைக்குச் சாதகமாகத்தான் இருந்தது: எந்த வால் ரெசினோடு வேகமாக வினைபுரிகிறதோ அந்தத் தகடு தண்ணீரைத் தாங்கியது.

ஆனால் அதே ஆராய்ச்சியில் பாலக் கதையை நெருடுகிற விஷயங்களும் கிடந்தன. அமினோ சிலேனைப் பாருங்கள். தண்ணீரை மிக விரும்புகிற பொருள், தண்ணீரில் அப்படியே கரையும். தாமரை இலைக் கொள்கைப்படி இது தகட்டைக் கெடுத்திருக்க வேண்டும். ஆனால் எப்பாக்ஸியில் நன்றாக வேலை செய்தது. அடுத்தது, கண்ணாடி மேல் சிலேன் ஒரே அடுக்காக, ஒவ்வொரு மூலக்கூறும் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது என்று எல்லோரும் படம் போட்டார்கள். 1967இல் ஷ்ரேடரும் சகாக்களும் கதிரியக்கக் கார்பன் சேர்த்த சிலேனைப் பூசி எவ்வளவு எங்கே இருக்கிறது என்று அளந்தபோது, பல அடுக்குகள் குவிந்து கிடப்பது தெரிந்தது. ஒரு பகுதி குளிர்ந்த தண்ணீரில் கழுவினாலே போய்விட்டது, ஒரு பகுதி கொதிக்கவைத்தால் போனது, கடைசிக் கொஞ்சம்தான் எவ்வளவு கொதித்தாலும் பிடிவாதமாக நின்றது. பிறகு ஓஹையோவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் இஷிடாவும் கெய்னிக்கும் அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்து, அந்த அடுக்குகளின் அமைப்பை இன்னும் விரிவாகக் காட்டினார்கள். பாலம் ஒரு கோடு இல்லை. தடிமனான, இடத்துக்கு இடம் மாறுகிற ஒரு பிரதேசம்.

எல்லாவற்றுக்கும் மேலான நெருடல் ஒன்று இருக்கிறது. சிலேன் கண்ணாடியோடு போடுகிற சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் முடிச்சு, தண்ணீரை வெளியே தள்ளிப் பிறந்தது என்று மேலே பார்த்தோம் இல்லையா? தண்ணீர் வெளியே போய்ப் பிறந்த முடிச்சைத் தண்ணீர் உள்ளே வந்து அவிழ்க்கவும் முடியும். ரெசின் எதுவாக இருந்தாலும் தண்ணீர் மூலக்கூறு கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவி உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். அதை முழுசாகத் தடுக்கும் பிளாஸ்டிக் கிடையாது. அப்படியானால் அந்த முடிச்சுகள் எல்லாம் ஒருநாள் அவிழ்ந்துதானே ஆக வேண்டும்? படகு ஏன் இன்னும் மிதக்கிறது?

புளூடெமன் கொடுத்த பதில்தான் எனக்கு இந்த முழு விவகாரத்திலும் பிடித்தது. முடிச்சுகள் அவிழத்தான் செய்கின்றன என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவிழ்ந்தவை அங்கேயே மறுபடியும் முடிந்துகொள்கின்றன. முடிச்சு போடுவது, அவிழ்ப்பது என்ற இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கிற ஒரு சமநிலை அது. தேர் இழுக்கிற வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் வியர்வை துடைக்கக் கையை எடுக்கிறார், ஒருவர் பிடியைத் தளர்த்திக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறார். எந்த நொடியிலும் யாரோ ஒருவர் கை வடத்தில் இல்லை, ஆனாலும் வடம் கீழே விழுவதில்லை. ஏனென்றால் கையை எடுத்தவர் கூட்டத்தை விட்டுப் போகவில்லை, அதே இடத்தில் நிற்கிறார். சிலேனின் வால் ரெசினுக்குள் நன்றாகப் பின்னப்பட்டிருப்பதால், கண்ணாடியிலிருந்து விடுபட்ட சிலனால் எங்கும் ஓடிவிட முடியாது. பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு கண்ணாடிச் சிலனாலைப் பிடித்துக்கொள்ளும். ரெசினோடு வினைபுரியாத எத்தில் வாலுக்கு இந்தப் பாக்கியம் இல்லை, அவிழ்ந்தால் அவிழ்ந்ததுதான். 1947 ஒப்பீட்டின் முடிவை இந்தக் கண்ணோட்டத்தில் திரும்பப் படித்தால் அதற்குப் புதிதாக ஓர் அர்த்தம் கிடைக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு என்றார் அவர். கண்ணாடியும் ரெசினும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. இறுகி ஆறும்போது இரண்டுக்கும் நடுவில் இழுபறி உருவாகும். முடிச்சுகள் அசையாதவையாக இருந்தால் அந்த இழுபறி ஏதோ ஓர் இடத்தில் விரிசலாக வெடிக்கும். அவிழ்ந்து, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி முடிந்துகொள்ளும் முடிச்சு என்றால் அந்தப் பளு தானாகவே தளர்ந்துவிடும். அதாவது இந்த நகர்வை நடத்திவைப்பதே அந்தத் தண்ணீர்தான்! இந்தக் கொள்கையை எல்லோரும் முழுசாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ரெசினும் சிலேன் அடுக்கும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் பின்னிக்கொள்வதுதான் முக்கியம் என்று அழுத்திச் சொல்பவர்கள் உண்டு, அதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 1982இல் வந்த புளூடெமனின் சிலேன் கப்ளிங் ஏஜென்ட்ஸ் என்ற புத்தகம் இன்றும் இந்தத் துறைக்குள் நுழைபவர்கள் முதலில் கையிலெடுக்கும் புத்தகம்.

இந்தக் கண்ணோட்டத்துக்கு ஒரு நேர்மையான சோதனை, சிலேன் எங்கே தோற்கிறது என்று பார்ப்பது. கண்ணாடி, மணல், அலுமினியத்தின் ஆக்சைடு என்று ஹைட்ராக்சில் நிறைந்த மேற்பரப்புகளில் அது கொடிகட்டிப் பறக்கிறது. சுண்ணாம்புக்கல் பொடியில், அதாவது கால்சியம் கார்பனேட்டில், பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கிராஃபைட்டிலும் அப்படியே. பிடித்துக்கொள்ளத் தகுந்த கை அந்தப் பக்கம் இல்லை, அவிழ்ந்தால் மறுபடி முடிய ஆளில்லை. பிளாஸ்டிக் நாற்காலி விலையைக் குறைக்கச் சுண்ணாம்புப் பொடி கலக்கிறவர்கள் அதற்கு ஸ்டியரிக் அமிலம் பூசுகிறார்களே தவிர சிலேனைத் தேடுவதில்லை.

செய்முறையிலும் தண்ணீர்தான் மையம். கண்ணாடி இழைத் தொழிற்சாலையில் சிலேனைத் தண்ணீரில்தான் கரைக்கிறார்கள், நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான அளவில். மெத்தக்ரைலிக் வகைக்கு முதலில் கொஞ்சம் அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர்ப் புளிப்பு, விட்டு அமிலத்தன்மையை பி.எச். 4 வாக்கில் கொண்டுவருவார்கள். அந்தப் புளிப்பில் ஆல்கஹால் கழன்று சிலனால் சீக்கிரம் உருவாகும், ஆனால் சிலனால்கள் தங்களுக்குள் கைகோப்பது மெதுவாக நடக்கும். அதற்குள் கண்ணாடியில் பூசி முடித்துவிட வேண்டும். தாமதித்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கரைசல் கலங்கிப் போகும். கிப்பிங்கைத் துரத்திய அதே பசை.

கடலையும் வானத்தையும் விட ஈரமான இடம் ஒன்று நம் எல்லோரிடமும் இருக்கிறது: வாய். பல் சொத்தையை அடைக்க 1950களில் இருந்த பல் நிறப் பொருள்கள் எச்சிலில் கரைந்தன, அல்லது சுருங்கி இடைவெளி விட்டன. அமெரிக்க நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை செய்த ரஃபேல் போவன், ரெசினுக்குள் நுண்ணிய சிலிக்காத் தூளை நிறையச் சேர்த்தால் சுருக்கம் குறையும் என்று பார்த்தார். ஆனால் தூளும் ரெசினும் ஒட்டாவிட்டால் மெல்லும்போது தூள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 1962இல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் தலைப்பிலேயே வினைல் சிலேன் பூசிய சிலிக்கா என்று வருகிறது. விமான ரேடார்க் கூம்பின் பிரச்சினையும் கடைவாய்ப் பல்லின் பிரச்சினையும் ஒன்றே என்று பார்க்கத் தெரிந்தது பெரிய விஷயம். இன்று பல் மருத்துவர் அடைக்கும் வெள்ளை நிற காம்போசிட் எல்லாம் அந்த வம்சம்தான். பீங்கான் பல்லை ஒட்டும்போது அவர்கள் தடவும் சிலேன் சில நிறுவனங்களில் இரண்டு பாட்டில்களாக வருவதும், பயன்படுத்துவதற்குச் சற்று முன்புதான் கலக்கச் சொல்வதும், மேலே சொன்ன கலங்கல் பயத்தால்தான்.

டயர் கதை வேறு ரகம், ஆனால் பணம் அதில்தான் அதிகம். டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமான கார்பன் கருமை ரப்பரோடு தானாகவே ஒட்டும். அதற்குப் பதில் சிலிக்கா போட்டால், சுழலும்போது டயர் வீணாக்கும் சக்தி குறையும், ஈரச் சாலையில் பிடிப்பும் கெடாது. ஆனால் சிலிக்காத் துகள்கள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டு உருண்டையாகிவிடும், ரப்பரை அண்டவே அண்டாது. 1970களில் ஜெர்மனியின் டெகுசா நிறுவனம் சை-69 என்ற சிலேனைக் கொண்டுவந்தது. இரண்டு முனையிலும் சிலிக்கான், நடுவில் நான்கு கந்தகம். சிலிக்கான் முனை சிலிக்காவைப் பிடிக்கும், ரப்பரை வல்கனைஸ் செய்யும்போது கந்தகம் அறுந்து ரப்பரோடு சேரும். அதை வைத்து 1992இல் மிஷெலின் பசுமை டயர் என்று சந்தைக்குக் கொண்டுவந்ததும், கார் டயர் உலகமே திரும்பிப் பார்த்தது.

இந்த ரப்பரைக் கலக்கும் எந்திரத்துக்குள் 140 முதல் 160 டிகிரி செல்சியஸ் வரை சூட்டில் சிலேன் சிலிக்காவோடு வினைபுரிகிறது, அப்போது கழன்று வெளிவருவது எத்தனால். ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் சாராய ஆவி கிளம்பும், அதைப் பிடித்து வெளியேற்றுவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அவ்வளவு சூட்டில் வேலை செய்கிறவர்கள், முதலில் சிலிக்காவை எலும்பு மாதிரி உலர்த்திவிட்டுத்தான் போடுவார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. டயர்க்காரர்கள் வாங்கும் சிலிக்காத் தூளில் எடையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு ஈரம் இருக்கும்படியே பார்த்து வாங்குகிறார்கள். அதைவிட உலர்ந்த தூள் வந்தால் சிலேன் வினை மந்தமாகிவிடுகிறது.